தண்ணீர்த் தொட்டி கழுவ ஒரு கையெழுத்து

கையெழுத்துப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

ஷார்ஜா முவைலாவில் ஒரு நாலு மாடிக் கட்டடம். நாங்கள் இரண்டாம் மாடி. காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கட்டடத்து வாட்ச்மேன், பங்களாதேஷ்காரர். கையில் அட்டையில் கிளிப் போட்ட ஒரு தாள். முழுக்க அரபி. அடியில் ஒரு கோடு.

"பாபி, டாங்கி சாஃப் கரேகா. கல் பானி பந்த். இதர் சைன் கரோ."

நாளைக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், தண்ணீர் வராது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அடுப்பில் ரசம் பொங்குகிற நேரம். போட்டேன். வீட்டில் இருந்த வாளி, குண்டான் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாள் தண்ணீர் நிற்கவே இல்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிடித்த தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் திரைச்சீலைகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புரியும். அங்கே அரபியில் எந்தத் தாள் வந்தாலும் நாங்கள் கையெழுத்துப் போடுவோம். கம்பெனித் தாள், ஆஸ்பத்திரித் தாள், பள்ளிக்கூடத் தாள், மின்சாரத் தாள். எதிரில் இருப்பவர் விரல் வைத்துக் காட்டுவார். இங்கே, இங்கே, அப்புறம் இங்கே. ஊரில் பால்காரரின் நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்க்கிற அதே ஆட்கள், அங்கே போனதும் வலமிருந்து இடமாக எழுதிய எதையும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். நமக்கும் கூச்சமாக இருக்கும். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, பி.எட். முடித்து, ஊரில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். நானும் அப்படித்தான் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து என் கணவர் ஒரு சனிக்கிழமை காலை ரியல் எஸ்டேட் ஆபீசுக்குப் போனார். கட்டட முதலாளி ஓர் உள்ளூர்க்காரர். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வாடகை, ரிப்பேர், ஒப்பந்தம் எல்லாம் இந்த ஆபீஸ் மூலமாகத்தான். எங்கள் ஒரு வருட ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க செக்குகளை எழுதி எடுத்துக்கொண்டு போனவர், அதே செக்குகளோடு திரும்பி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றார்.

"நீ எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

அப்போதுதான் தெரிந்தது. நாங்களாகவே மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாக எழுதிய தாள் அது. வாடகைக்காரரின் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்து, பளிச்சென்று, சுழியோடு.

காரணம் புரியாதது ஒன்றும் இல்லை. அந்த வருடம் ஷார்ஜாவில் வாடகை குதித்துக்கொண்டிருந்தது. எங்கள் மாடியிலேயே புதிதாக வந்த குடும்பம் எங்களைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்தது. பழைய ஆட்கள் போனால்தான் முதலாளிக்குக் கொண்டாட்டம்.

வீடு போனால் இன்னொரு வீடு என்று ஊரில் சொல்லிவிடலாம். எங்களுக்கு அப்படி இல்லை. எனக்கும் மூன்றாம் வகுப்புப் படித்த மகளுக்கும் விசா அடுத்த மாதம் முடிகிறது. குடும்ப விசாவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கணவர் பெயரில் நகராட்சி முத்திரை போட்ட வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் முத்திரை இல்லை, முத்திரை இல்லையென்றால் விசா இல்லை, விசா இல்லையென்றால் நானும் மகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவர் வாங்கிய சம்பளத்துக்கு அப்போதைய வாடகையில் வேறு ஒரு வீடு கனவில்தான் கிடைக்கும்.

"ரெண்டு மாசம் ஊர்ல இருங்க. நான் வேற வீடு பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்றார்.

இரண்டு மாதம் என்று போன குடும்பங்கள் எனக்குத் தெரியும். எங்களுக்கு முன்பு அதே வீட்டில் இருந்தவர்களே அப்படிப் போனவர்கள்தான். பிள்ளையை ஊரில் பள்ளியில் சேர்ப்பார்கள். மனிதர் எட்டுப் பேர் இருக்கிற ரூமில் ஒரு கட்டிலுக்குப் போவார். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் டெலிபோன் கார்டைச் சுரண்டிப் பேசுவதுதான் குடும்பம்.

"போக மாட்டேன்" என்றேன்.

"போட்டது நீ. போகமாட்டேன்னா?"

"போட்டது நான். அதனாலதான் போகமாட்டேன்."

அவர் அபுதாபியின் மேற்குப் பாலைவனத்தில் ஒரு கேஸ் பிளாண்ட் சைட்டில் ஃபோர்மேன். வாரம் முழுக்க கேம்ப். விடுமுறைக்குத்தான் வீடு. ஞாயிறு அங்கே வேலை நாள். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் நேராக அந்த ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் மேனேஜர் நம்ம ஆள்தான். திருநெல்வேலிப் பக்கம். வீடு காட்டிய அன்று, "நம்ம ஊர்க்காரங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்" என்று சொன்ன அதே மனிதர்.

"வாங்க தங்கச்சி, உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"டீ வேணாம்ணே. தொட்டி கழுவுறதுன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கீக. அதக் கேக்க வந்தேன்."

"தொட்டியா? யாரு சொன்னா?"

"ஒங்க வாட்ச்மேன்."

"அவன் கெடக்கான். அவனுக்கு அரபி தெரியுமா, ஒங்களுக்குத்தான் தெரியுமா? தாள்ல என்ன இருக்கோ அதுதான் பேசும். நீங்க படிச்சவங்கல்லா?"

படிச்சவங்கல்லா என்று சொல்லும்போது அந்த ஆள் சிரித்தான். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், இதற்கு மேல் அவனுக்கு 'ர்' விகுதி என்னால் எழுத முடியாது.

"காலி பண்ண மாட்டோம். செக்க வாங்குங்க."

"என்ன தங்கச்சி, வெளையாடுதியளா? பில்டிங் முழுக்க மெயின்டனன்ஸ். முதலாளி சொல்லியாச்சு, கலாஸ், முடிஞ்சு போச்சு. நல்லதுக்குச் சொல்லுதேன், இந்தச் சட்டம் கிட்டம்லாம் வெள்ளைக்காரனுக்கும் அரபிக்கும். நாம வந்தமா, பொழைச்சமான்னு இருக்கணும். மாப்பிள்ளைய கேட்டுப் பாருங்க, அவருக்குத் தெரியும்."

"அந்தத் தாள்ல ஒரு காப்பி குடுங்க."

கொடுக்கமாட்டான் என்று நினைத்தேன். அவனுக்கு அவ்வளவு தைரியம். எழுந்து போய் ஜெராக்ஸ் எடுத்து நீட்டினான்.

"ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டி வைங்க."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். அடுத்த தெருவில் ஒரு டைப்பிங் சென்டர். அங்கே தெருவுக்கு ஒன்று உண்டு. அரசாங்கத்துக்கு எது எழுதுவதாக இருந்தாலும் அரபியில்தான் எழுத வேண்டும், நமக்கு அரபி வராது. காசு கொடுத்தால் இவர்கள் அடித்துத் தருவார்கள். அந்தக் கடையில் இருந்தவர் ஒரு மலையாளி, என் வயதுதான் இருக்கும். தாளை அவர் முன்னால் வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வரி விடாமல் சொல்லச் சொன்னேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சேச்சி, இது நான் அடிச்சதாணு."

"என்ன?"

"நான் டைப் பண்ணதுதான். போன மாசம். அந்த ஆபீஸ்காரன் வந்து அடிக்கச் சொன்னான், அடிச்சேன்."

"அடுத்தவ குடியக் கெடுக்கிற தாளுன்னு தெரிஞ்சா அடிச்சீங்க?"

"சேச்சி, கல்யாணத்துக்கும் அடிக்கும், டைவர்ஸுக்கும் அடிக்கும். என்கிட்ட கீபோர்டுதான் உண்டு. இப்ப உங்களுக்கு வேண்டி அவனுக்கு எதிரா அடிக்கச் சொல்லுங்க, அதும் அடிக்கும்."

கோபம் வந்தது. ஆனால் அந்தப் பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. உட்கார்ந்தேன்.

அந்த மனிதர்தான் எனக்கு வாடகைச் சட்டம் சொன்னார். ஒரு தாளின் பின்பக்கத்தில் நான் குறித்துக்கொண்டேன். புதுச் சட்டப்படி, வாடகைக்கு வந்து மூன்று வருடம் ஆகும்வரை வாடகையை ஏற்றக் கூடாது. ஒழுங்காக வாடகை கொடுத்து ஒழுங்காகக் குடியிருப்பவரை முதலாளி நினைத்த நேரத்தில் வெளியேற்றவும் கூடாது. செக்கை வாங்க மறுத்தால் நகராட்சியில் உள்ள வாடகைத் தகராறு கமிட்டியில் வாடகையைக் கட்டிவிடலாம். பிறகு வாடகை தரவில்லை என்று சொல்லி அவன் நம்மை வெளியே தள்ள முடியாது. புகார் கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை. இவ்வளவும் இருந்திருக்கிறது. ஒரு வருடமாக நான் அந்தக் கடையைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போனேன். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டதில்லை.

"அப்ப ஜெயிச்சிரலாமா?"

"அதல்லே சேச்சி பிரச்னை. சொந்த இஷ்டத்துக்கு ஒழிஞ்சு போறேன்னு வாடகைக்காரன் ஒப்பு போட்டா, பின்ன சட்டம் என்ன செய்யும்?" தாளைத் திருப்பிப் பார்த்தவர், திடீரென்று நிறுத்தினார். "காண்ட்ராக்ட் யார் பேர்ல?"

"அவர் பேர்ல."

"இந்த ஒப்பு?"

"என்னோடது."

"நீங்க போட்டதா? ஹஸ்பெண்ட் போட்டது இல்லையா?" கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "விசா பேஜ் உண்டோ கையில?"

பாஸ்போர்ட் நகல் எப்போதும் பையில் இருக்கும். காட்டினேன். வேலை: இல்லத்தரசி. வேலை செய்ய அனுமதி இல்லை.

"அப்ப இது கடலை மடிக்கான் கொள்ளாம்" என்று, கடலைப் பொட்டலம் மடிக்கத்தான் லாயக்கு என்கிற மாதிரி, என் தாளை என்னிடமே நீட்டினார். "வாடகைக்காரன் ஒப்பு போடல்ல. நீங்க ஒப்பு போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு முகம் எரிந்தது.

அந்த நாட்டில் என் கையெழுத்தை வாங்க மறுத்த இடங்கள் எத்தனையோ. டெலிபோன் இணைப்புக்குப் போனேன், கணவரைக் கூட்டி வா என்றார்கள். பாங்கில் கணக்குத் திறக்கப் போனேன், கணவரின் கடிதம் கேட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன், ஆட்சேபணை இல்லை என்று கணவர் எழுதித் தர வேண்டுமாம். என் கையெழுத்தை ஒரு பேச்சும் பேசாமல் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு இடம். என்னை வீட்டை விட்டுத் துரத்துகிற தாள்.

அப்புறம்தான் அந்த மேனேஜரின் புத்தி புரிந்தது. வாட்ச்மேனைப் பதினொரு மணிக்கு ஏன் அனுப்பினான்? ஆண்கள் ட்யூட்டிக்குப் போயிருப்பார்கள். பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள், கேள்வி கேட்காமல் போடுவார்கள். எங்களைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று நினைத்தே வந்தவன், கணக்கில் சேராதவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

வீட்டுக்குத் திரும்பியதும் கதவு கதவாகத் தட்டினேன். இன்னும் நாலு வீட்டுப் பெண்கள் போட்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஹைதராபாத்துக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஹாய் அல்லா, நான் பக்கெட்டெல்லாம் ரொப்பி வச்சேனே!" என்றாள்.

"நானும்தான். கர்ட்டன் தொவச்சேன்."

"நான் கார்பெட்."

இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

புகாரில் என் கணவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், கமிட்டிக்கும் அவர்தான் வர வேண்டும். என் கையெழுத்துச் செல்லாது என்றால் என் புகாரும்தானே செல்லாது. அவருக்குப் போன் செய்தேன்.

"லீவு தரமாட்டான். பிளாண்டை நிறுத்தி ஷட்டவுன் வேலை நடக்குது" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஓனர் லோக்கல் ஆளு. அவன் நம்ம கம்பெனிக்கு ஒரு போன் போட்டான்னா விசா கேன்சல். யாரோட மோதுறோம்னு தெரியுதா?"

"வீட்டு ஓனர் உங்களுக்குக் கஃபீலா?"

கஃபீல் என்றால் விசா கொடுத்து ஆளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிற முதலாளி.

"சொல்லுங்க. அந்த ஆளா உங்களுக்கு விசா குடுத்தான்? அந்த ஆளா சம்பளம் தர்றான்? நாமதான அவனுக்குத் தர்றோம்?"

எங்கள் ஆண்களின் மனதில் கந்தூரா என்கிற வெள்ளை அங்கி போட்ட எல்லோரும் கஃபீல்தான். பாஸ்போர்ட்டை வைத்திருப்பவனும், வீட்டை வாடகைக்கு விட்டவனும், சிக்னலில் பக்கத்துக் காரில் நிற்பவனும் ஒன்று. ஒருவனைக் கேள்வி கேட்டால் எல்லோருக்கும் கோபம் வரும் என்று பயம். என் கணவர் கோழை இல்லை. ஐம்பது டிகிரி வெயிலில் உயரத்தில் ஏறி நிற்கிற மனிதர். ஆனால் ஒரு தாளைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார்.

"நீங்க வரலைன்னா நாங்க ஊருக்குப் போறோம். ஆனா ரெண்டு மாசம்னு சொல்லாதீங்க. போனா போனதுதான்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் வந்து நின்றார், சைட்டில் போடுகிற கவரால் உடுப்பும் சேஃப்டி ஷூவுமாக. சாமான் ஏற்றி வந்த ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். புகாரில் கையெழுத்துப் போட்டார். கமிட்டியில் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கும் வந்தார்.

டைப்பிங் சென்டர்க்காரர் எனக்கு ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருந்தார். "அங்க போய், நான்தான் போட்டேன், என்னை ஏமாத்தினாங்கன்னு வாதாட நிக்க வேண்டாம். மிண்டாம, வாயத் தொறக்காம இருங்க. பேசினா, புருஷனுக்கு வேண்டி வைஃப் ஒப்பு போட்டாள்னு அவங்க ஆக்கிருவாங்க."

கமிட்டி அறையில் மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. எங்கள் பக்கத்தில் அந்த மேனேஜர், இஸ்திரி போட்ட சட்டையில். என்னைப் பார்த்து, "வாங்க தங்கச்சி" என்றான், அங்கேயும்.

அதிகாரி எங்கள் புகாரைப் படித்தார். மேனேஜர் அந்தத் தாளை எடுத்து வைத்தான். அதிகாரி என் கணவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இது உன் கையெழுத்தா?

"நோ சார். மை வைஃப்."

மேனேஜரிடம் திரும்பினார். வகாலா இருக்கிறதா?

அந்த வார்த்தை எனக்கு உடனே பிடிபட்டது. நம் ஊர் வக்காலத்து. கணவருக்காக மனைவி கையெழுத்துப் போட அதிகாரம் கொடுத்த தாள்.

"மாஃபி", இல்லை என்றான் மேனேஜர். "பட் சார், ஷீ இஸ் எஜுகேட்டட். ஹஸ்பெண்ட் நோஸ் எவ்ரிதிங்…"

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆமாம் சார், நான் படித்தவள், இது என் கையெழுத்துத்தான், ஒரு பொய்யைச் சொல்லி இதை என்னிடம் திருடினான் என்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் மகளின் பள்ளிக்கூடப் பையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஒன்றுக்கும் ஆகாதவளாக ஒரு பத்து நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக அந்த மேனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதிகாரி தாளை ஒதுக்கி வைத்தார். மூன்று வருடம் முடியவில்லை. அதே வாடகைக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொடு. பராமரிப்பு வேலை இருந்தால் ஆள் இருக்கும்போதே செய். கலாஸ்.

வெளியே வந்ததும் என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"போன் கீன் போடமாட்டாங்கல்ல?"

"போட்டா நான் பேசிக்கிறேன்."

மற்ற நாலு வீடுகளுக்கும் அந்த உத்தரவின் நகலைக் கொடுத்தேன். அவர்களும் புகார் எழுதினார்கள், அதே கடையில்தான். ஒருவரும் காலி செய்யவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் நகராட்சி முத்திரை விழுந்தது. விசா வந்தது. அதே வேலை: இல்லத்தரசி.

ஆனால் அதற்கு முன்னால், கமிட்டி முடிந்த அன்றே, கணவரைக் கேம்புக்குத் திரும்ப விடாமல் டைப்பிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"எனக்கு ஒரு வகாலா அடிங்க. வீட்டு விஷயம் எல்லாத்துக்கும் இவருக்குப் பதிலா நான் போய் நிக்கலாம், பேசலாம், கையெழுத்துப் போடலாம்னு."

டைப்பிங் சென்டர்க்காரர் விரல்களை நிறுத்தினார். "சேச்சி, ஆலோசிச்சுதானா? இது இருந்தா இனிமே நீங்க போடுற ஒப்பு ஒப்புதானாக்கும். பின்ன ரட்சைப்பட முடியாது."

"அதுக்குத்தான் கேக்கிறேன்."

அடித்து முடித்துத் தாளை எடுத்து வைத்தார். என் கணவர் பேனாவைத் திறந்து, எங்கே என்று கோட்டைத் தேடினார்.

"படிக்காமலே போடப் போறீங்க?" என்றேன்.

"அரபியில இருக்கு. எப்படிப் படிக்கிறது?"

"வீட்டையே என் பேருக்கு எழுதி வாங்கியிருந்தா?"

"நமக்கு ஏது வீடு?" என்றார்.

டைப்பிங் சென்டர்க்காரர் சிரித்துவிட்டு, கோர்ட்டில் நோட்டரி முன்னால்தான் போட வேண்டும், இங்கே போடக் கூடாது என்று பேனாவை வாங்கி வைத்தார். பிறகு நான் கேட்டுக்கொண்டபடி முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துச் சொன்னார். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அந்த வீட்டில் மூன்று வருடமும் இருந்தோம். வாட்ச்மேன் அதற்குப் பிறகும் கிளிப் அட்டையோடு வருவார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னவர். நான் தாளை வாங்கிக்கொண்டு, "கல் ஆவோ, பாய்" என்று கதவைச் சாத்துவேன். மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு டைப்பிங் சென்டருக்குப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுநாள்தான் கையெழுத்து.

ஒருமுறை அப்படி வாங்கி வைத்த தாளை, மகளுக்குக் காய்ச்சல் என்பதால், அன்று மாலை கொண்டுபோக முடியவில்லை. வாட்ச்மேன் அன்றும் தொட்டி கழுவுவதாகத்தான் சொன்னார், நான் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் காலை குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நிஜமாகவே தொட்டி கழுவுகிறார்கள். எதிர்வீட்டுக்காரி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நம்பிப் போட்டிருக்கலாமே" என்றாள்.

பல் துலக்காத வாயோடு நான் சொன்னேன், "படிக்காமப் போடமாட்டேன்."

அன்று சாயங்காலம்வரை குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் வருத்தப்படவில்லை.